ஈர விறகுக்கு முன்பணம்

விறகுக்கு முன்பணம் கட்டலாம் என்று சொன்னது நான்தான். என் வீட்டுக்காரர் சொல்லவில்லை, நாத்தனார் சொல்லவில்லை, அக்கம்பக்கத்தில் யாரும் வந்து என் மனதைக் கலைக்கவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை எனக்குச் சாதகமாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள். "அவ என்ன பண்ணுவா பாவம், அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். கடைக்காரர் ஏமாற்றியது உண்மை. ஆனால் அவர் ஏமாற்றியது விறகில் மட்டும்தான். மற்றதையெல்லாம் நான் செய்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம், பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஏரியூர்ப் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மழை இல்லாமல் இரண்டு வருடம் கடலையும் போய், ராகியும் போய், தர்மபுரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஊரை விட்டு வந்ததற்கு அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் அவருடைய தங்கை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு எங்களை விட்டால் யாரும் இல்லை. சின்ன வயதிலிருந்தே இளைப்பு. மழைக்காலம் வந்தால் இரவில் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள். ஒரு ஐப்பசியில் இழுப்பு முற்றி, ஏரியூரிலிருந்து பஸ் பிடித்து, பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது. அன்றைக்குப் பிழைத்தாள். பெரியாஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் அன்றே முடிவு செய்தார்.

தர்மபுரிக்கு வந்ததும் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவளைப் பார்த்தார். கண்டிப்பான மனுஷி. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் பொண்ணுக்குப் புகை ஆகாது. அடுப்புப் பக்கமே விடாதீங்க. மருந்தெல்லாம் அதுக்கப்புறம்தான்."

"அடுப்பு இல்லாத வூடு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் அப்படித்தான்.

"அப்ப கேஸ் வாங்குங்க. இல்லன்னா ஸ்டவ் வாங்குங்க. இன்னொரு தடவ போன வருஷம் மாதிரி வந்துச்சுன்னா தாங்க மாட்டா."

கேஸுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஸ்டவ் பற்றி நானும் யோசிக்காமல் இல்லை. புது ஸ்டவ் ஒன்றுக்கு என் வீட்டுக்காரரின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். ரேஷனில் ஊற்றும் சீமெண்ணெய் விளக்குக்கே சரியாகப் போகும். ஆனாலும் ஒரு ஸ்டவ் இருந்தால், மழைக்காலம் மூன்று மாதமாவது வெளியில் கூடுதல் விலை கொடுத்து எண்ணெய் வாங்கி ஓட்டிவிடலாம். அந்த வருடம் முழுக்க என் தலைக்குள் இது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஐப்பசிக்குள் ஸ்டவ் வாங்க வேண்டும், அவளை அந்த மழைக்காலத்தைத் தாண்டவைக்க வேண்டும்.

நாங்கள் இருந்தது வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் ஆள் நின்று திரும்பும் அளவுக்குச் சமையல் இடம், நடுவில் கதவு கிடையாது. மேலே ஓடு. புகை போக வழி என்று பார்த்தால் பின்வாசல்தான். நான் விடிகாலையிலேயே பகலுக்கும் சேர்த்து ஆக்கி முடித்துவிடுவேன். அதுவரை அவள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள், வெங்காயம் உரிப்பாள். விறகு அன்றாடம் காசுக்கு வாங்குவதுதான். வத்தல்மலை அடிவாரத்திலிருந்து ஓர் அக்கா வாரத்துக்கு இரண்டு தடவை தலைச்சுமையாகச் சுள்ளி கொண்டுவருவார். கலகலவென்று காய்ந்திருக்கும், ஒரு தீக்குச்சிக்குப் பற்றிக்கொள்ளும். நின்று எரியாது என்பதுதான் குறை. போதாததற்கு ஊர்க்கோடியில் இருந்த விறகுக்கடைக்குப் போவேன்.

அந்தக் கடையில்தான் பங்குனி மாதம் ஒரு பலகை மாட்டினார்கள். மொத்தமாக முன்பணம் கட்டினால் ஒரு மஞ்சள் சீட்டு தருவார்கள். ஆடியிலிருந்து தை முடிய வாராவாரம் புதன்கிழமை அந்தச் சீட்டைக் காட்டி முப்பது கிலோ விறகு எடுத்துக்கொள்ளலாம். விலை கடை விலையைவிடக் குறைவு. மழைக்காலத்தில் விறகு விலை ஏறினாலும் சீட்டுக்காரர்களுக்கு ஏறாது. நான் எட்டாவது வரை படித்தவள். கணக்கில் என்னை யாரும் அசைக்க முடியாது என்று எனக்கு ஒரு நினைப்பு. அங்கேயே நின்று மனதுக்குள் கூட்டிக் கழித்தேன். சீட்டு ஓட ஓட ஒவ்வொரு வாரமும் விறகுக்குப் போகும் காசு கையில் மிஞ்சும். ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு ஸ்டவ்வுக்குப் பாதிக்கு மேல் சேர்ந்துவிடும். மீதியைப் பட்டறையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முன்பணத்துக்கு வீட்டில் இருந்தது ஒரே பணம்தான். நாத்தனார் ஏரியூரில் இரண்டு வெள்ளாடு வளர்த்தாள். ஊரை விட்டு வரும்போது அவற்றை விற்ற பணம், அவள் பணம், என் பெட்டியில் சேலை மடிப்புக்குள் இருந்தது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார். "பாக்காத விறகுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா புள்ள?"

"கெணத்து மேட்டுல நின்னுக்கிட்டே இருந்தா தண்ணி மேல வந்துருமா? உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றேன்.

"பயமில்ல. அந்தக் காச வெச்சு நேரா ஸ்டவ்வையே வாங்கிறலாமே."

இதை அவர் சொன்னார். பங்குனி மாதத்திலேயே சொன்னார். நான் சிரித்தேன். "ஸ்டவ்வ வாங்கிட்டு, விறகுக்கு மறுபடியும் அன்னாடம் காசு குடுக்கறதா? சீட்டு கட்டுனா விறகும் வரும், ஸ்டவ்வும் வரும். ஒரு காசுல ரெண்டு வேல" என்றேன். அவர் தங்கையைப் பார்த்தார். அவள், "அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும், கட்டிருங்க அண்ணி" என்றாள். அவள் என்னை அவ்வளவு நம்பினாள். அந்த வார்த்தையில் எனக்கு ஏற்பட்ட பெருமையை இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆடியும் ஆவணியும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வேல விறகு, நன்றாகக் காய்ந்தது. இரண்டு கட்டையைத் தட்டினால் டணீர் என்று சத்தம் கேட்கும். புதன்கிழமை காலையில் பத்து மணிக்குப் போவேன், பதினோரு மணிக்குள் வாடகைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவேன். மிஞ்சிய காசை மாதா படத்துக்குப் பின்னால் ஒரு டப்பாவில் போட்டேன். வரிசை வீட்டுப் பெண்கள், "சீட்டுக்காரம்மா வராங்க, வழி விடுங்க" என்று கேலி செய்வார்கள். நானும் சளைக்காமல், "நீங்களும் கட்டியிருந்தா உங்களுக்கும் வழி விட்டிருப்பாங்க" என்பேன். வாசலில் உட்கார்ந்தபடி நாத்தனார் சிரிப்பாள். அந்த இரண்டு மாதம் அவளுக்கு இழுப்பே வரவில்லை.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, எடை போடுகிறவர் தட்டில் தூக்கிப் போட்ட கட்டை தொப்பென்று விழுந்தது. பச்சைப் புளி. வெட்டிய இடத்தில் ஈரம் பளபளத்தது. ரோட்டை அகலப்படுத்த இரண்டு பக்கமும் நின்ற புளிய மரங்களை வெட்டி ஏலம் விட்டிருந்தார்கள், எங்கள் கடைக்காரர் அதைப் பெருவாரியாக எடுத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. ஏலத்துக்குக் கட்டியது நாங்கள் பங்குனியில் கொடுத்த முன்பணம். அந்த மரம் காய்வதற்கு ஒரு கோடையாவது வேண்டும். அதுவரை அடுக்கி வைக்க அவருக்கு இடமும் இல்லை, பொறுமையும் இல்லை. எங்கள் தலையில் கட்டினார்.

காசுக்கு வாங்குகிறவர்களுக்குக் கொட்டகைக்குள் காய்ந்த வேல விறகு தனியாக அடுக்கி இருந்தது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நாங்கள் இந்தப் பக்கம் வரிசையில் நின்றோம்.

"ஏனுங்கண்ணா, அதுல போடக் கூடாதுங்களா?" என்று எடை போடுகிறவரிடம் கேட்டேன்.

"அது காசுக்காரங்களுக்கும்மா."

"அப்ப நாங்க குடுத்தது என்னாங்க? சோளத்தட்டா?"

அவர் கோபப்படவில்லை. என் வயதை ஒத்த ஆள்தான், அவரும் கூலிக்காரர். "அவங்களுக்கு ஈரத்தப் போட்டா நாளைக்கு வேற கடைக்குப் போயிருவாங்க. நீங்க எங்கம்மா போவீங்க?" என்றார். இவ்வளவு நேர்மையாக அந்தச் சீட்டைப் பற்றி வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடைக்காரரிடம் போனேன். அவர் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். பணம் திரும்பத் தரப்படாது. ஒரு புதன்கிழமை எடுக்காவிட்டால் அந்த வார விறகு கிடையாது. என்ன மரம் என்று எங்கேயும் எழுதவில்லை. எட்டாவது படித்தவள் முன்பக்கத்தை மட்டும் படித்திருந்தேன்.

முப்பது கிலோ என்றால் முப்பது கிலோ போட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் முன்பு சைக்கிள் கேரியரில் அகலமாக நிற்கும் கட்டு பாதிக்குப் பாதியாகிவிட்டது. மீதி எடை தண்ணீர். தண்ணீரை விறகு விலைக்கு வாங்கி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். டப்பாவில் போட்டிருந்த காசில் சீமெண்ணெய் வாங்கி, அந்த விறகின் மேல் ஊற்றித்தான் பற்றவைக்க முடிந்தது. ஸ்டவ்வில் ஊற்ற வேண்டிய எண்ணெய். இப்போதும் யாராவது, மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டாம், கட்டலாமா என்று என்னிடம் யோசனை கேட்பது உண்டு. லாபமா நட்டமா என்று நான் கணக்குப் போடுவதில்லை. கட்டிய பிறகு நீ சண்டை போட முடியுமா என்று மட்டும் கேட்பேன். என் பேச்சில் இருக்கும் காரத்தைப் பார்த்து, கேட்டவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பச்சைப் புளி எரிவதில்லை. ஒரு முனையில் தீ வைத்தால் மறு முனையில் நுரை தள்ளும். உலை கொதிப்பதற்குள் ஓட்டுக்கு அடியில் புகை கட்டித் தொங்கும், வாசல் வரைக்கும் வரும். காயவைக்கலாம் என்றால் இடம் இல்லை. வீட்டுக்கார அம்மாள் கரையான் வரும் என்று முற்றத்தில் விறகு அடுக்க விடமாட்டார். புரட்டாசி மழையும் பிடித்துக்கொண்டது. ஏரியூரில் என்றால் வேலியோரம் அடுக்கி மேலே சோளத்தட்டு போட்டு மூடிவிடுவோம். இங்கே, விட்டால் போய்விடும் என்று வாராவாரம் கொண்டுவந்த ஈர விறகை முன் அறைக்குள்ளேயே சுவரோரம் அடுக்கினேன். அந்தச் சுவரில் சாய்ந்துதான் நாத்தனார் தூங்குவாள். பத்து நாளில் கட்டைகளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது. துணியால் துடைத்துத் துடைத்து வைத்தேன். துடைக்கும்போது அவளுக்கு இருமல் வரும். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

உறைக்கவில்லை என்று சொல்வது பொய். உறைத்தது. ஆனால் காசு கட்டியாகிவிட்டது. அந்த ஒரு வார்த்தை என்னைக் கட்டிப்போட்டது. கட்டிய காசுக்கு விறகு வாங்காமல் விடுவது, நான் ஏமாந்தேன் என்று ஊருக்குச் சொல்வதாகும். வரிசை வீட்டில் யாரும் இப்போது சீட்டுக்காரம்மா என்று கூப்பிடுவதில்லை. அது கேலியைவிட எனக்கு வலித்தது.

ஒருநாள் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அந்தச் சீட்டக் கிழிச்சுப் போடு புள்ள" என்றார்.

"கிழிச்சுட்டு? உங்க சம்பளத்துல வாராவாரம் காஞ்ச விறகு வாங்கிப் போடுவீங்களா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. நான் சொன்னதில் நியாயம் இருந்தது. மாதக் கடைசியில் சோற்றுக்கே இழுபறிதான். ஆனால் நான் நியாயத்துக்காகச் சொல்லவில்லை, அவர் வாயை அடைக்கச் சொன்னேன்.

ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தபோது, வாசலில் ஒரு சுமை காய்ந்த சுள்ளி கிடந்தது. மலையடிவாரத்து அக்கா வந்திருக்கிறார். நாத்தனார் டப்பாவிலிருந்து காசு எடுத்துக் கொடுத்து வாங்கியிருந்தாள்.

"இது என்னாது?"

"அந்தக்கா வந்துச்சுங்க அண்ணி. நல்லாக் காஞ்சிருந்துச்சு. உங்களுக்குக் கண்ணெரிச்சல் இல்லாம இருக்குமேன்னு..."

தனக்கு மூச்சு முட்டுகிறது என்று அவள் சொல்லவில்லை. எனக்குக் கண்ணெரிச்சல் என்றுதான் சொன்னாள். நான் அதைக் கேட்டுக்கொள்ளும் நிலையில் இல்லை. ரேஷன் கடையில் எண்ணெய் இல்லை என்று அனுப்பிவிட்ட எரிச்சல் வேறு.

"வூட்டுக்குள்ள ஆளுயரத்துக்கு விறகு கெடக்குது. அதுக்குக் காசு கட்டியிருக்குது. அது பத்தாதுன்னு இன்னொரு காசு குடுத்து வாங்கினியா? யாரு காசு அது? ஸ்டவ்வுக்குச் சேத்தது. யாருக்காக ஸ்டவ்வு? எனக்கா?"

தெருவே கேட்கும்படி கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே வாங்கலீங்க அண்ணி" என்றாள். அவள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவள். அந்தச் சுமையை நாங்கள் மூன்று நாள் எரித்தோம். மூன்று நாளும் வீட்டில் புகை இல்லை. அதைக்கூட நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்கள் மாதா கோயிலில் கல்லறைத் திருநாள் முடிந்த அடுத்த வாரம். புதன்கிழமை. விடாத தூறல். விடியற்காலையில் மூன்று தடவை பற்றவைத்தும் அடுப்பு பிடிக்கவில்லை. பற்றவைக்கிறேன் பேர்வழி என்று வீடு முழுக்கப் புகை நிரப்பியதுதான் மிச்சம். அவள் வாசல் படியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து இருமினாள். முதல் நாளே மாத்திரையை இரண்டு தடவை போட்டிருந்தாள். வீட்டுக்காரர் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட வருவார்.

அந்தப் புதன்கிழமை நான் போகாமல் இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஓர் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். கால்மணி நேர நடை. அதற்காகத்தானே இந்த ஊருக்கே வந்தோம். ஆனால் புதன்கிழமை போனால் அந்த வார விறகு போய்விடும். "நான் போய் வாங்கிட்டு ஓடியாந்தர்றேன் கண்ணு. வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போலாம். அடுப்பத் தொடாத, நான் வந்து ஆக்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஒன்பது மணிக்கே கிளம்பினேன்.

கடையில் லாரி வரவில்லை. பென்னாகரம் ரோட்டில் எங்கேயோ சேற்றில் நிற்கிறதாம், வந்துவிடும், நில்லுங்கள் என்றார்கள். சீட்டுக்காரர்கள் முப்பது பேர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றோம். கொட்டகைக்குள் காய்ந்த விறகு அப்படியே இருந்தது. காசுக்காரர்கள் வந்தார்கள், எடை போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. இவ்வளவு நேரம் நின்றுவிட்டு இப்போது போனால் நின்றதும் வீண் என்று நினைத்தேன். எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டு நின்றார்கள். லாரி வந்து, இறக்கி, எடை போட்டு, என் முறை வந்தபோது ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது.

அந்த நேரத்தில் வீட்டில் நடந்ததை இரண்டு பேர் எனக்குச் சொன்னார்கள். ஒருவர் அந்த மலையடிவாரத்து அக்கா. பதினோரு மணி வாக்கில் சுமையோடு வந்திருக்கிறார். நாத்தனார் அப்போதே பேச முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். "காசு அப்புறம் குடு பாப்பா, எறக்கிட்டுப் போறேன்" என்று அவர் சொன்னதற்கு, "வேணாங்கக்கா, எங்க வூட்ல சீட்டு இருக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இன்னொருவர் பக்கத்து வீட்டு அம்மாள். பன்னிரண்டரை மணிக்குப் பின்பக்கம் துணி எடுக்கப் போனவர், எங்கள் பின்வாசலில் புகை தள்ளுவதைப் பார்த்து எட்டிப் பார்த்திருக்கிறார். அண்ணன் பசியோடு வருவானே என்று அவள் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். ஊதுகுழல் கையில் இருக்க, அடுப்புக்கு முன்னால் சுருண்டு கிடந்தாளாம். ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நான் முப்பது கிலோவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் விறகு நுரை தள்ளிக்கொண்டிருந்தது, உலையில் தண்ணீர் சுடக்கூட இல்லை. விஷயத்தைக் கேட்டதும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அவளைப் பெண்கள் வார்டில் கடைசிக் கட்டிலில் வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய். என் வீட்டுக்காரர் கால்மாட்டில் நின்றார். அவளுக்கு நினைவு இருந்தது, என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கையைப் பிடித்ததும் நர்ஸம்மா வந்து என்னை விலக்கினார். "உங்க சேலை பூராவும் புகை வாசனை. பக்கத்துல நிக்காதீங்க, அந்தப் பொண்ணுக்கு இழுக்குது பாருங்க. வெளிய போங்க" என்றார். நான் வராந்தாவுக்குப் போனேன். கோயிலிலிருந்து சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்ததையும் வாசலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். நாலு மணிக்கு அவள் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் வெளியே வந்து என் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என்னைத் திட்டவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகு இத்தனை வருடத்திலும் இல்லை. ஒருநாளாவது திட்டியிருக்கலாம்.

மறுநாள் அடக்கம் ஆனது. ஏரியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து தங்கினார்கள். மூன்று நாள் அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்து போட்டார்கள், அப்புறம் எங்கள் அடுப்பை மூட்டியாக வேண்டியிருந்தது. ஏழாம் நாள் பூசை அடுத்த புதன்கிழமை சாயங்காலம். பூசை முடிந்து வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும்.

அந்தப் புதன்கிழமை காலையில் நான் விறகுக்கடைக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. சீட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, சைக்கிளை வாடகைக்கு எடுத்து, வழக்கம்போலப் போய் வரிசையில் நின்றேன். பெண்கள் எனக்கு விலகி வழி விட்டார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைக்காரரே எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் எடை போடுகிறவரிடம், "அது சாவு வூடப்பா, ஈரத்தப் போடாத. உள்ள இருந்து எடுத்துப் போடு. அஞ்சு கிலோ கூடவே போடு" என்றார்.

அந்த விறகைத் தூக்கி அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே, அவருடைய ஏழு தலைமுறையையும் அங்கேயே இழுத்திருக்க வேண்டும். ஆனால் நான் தட்டு இறங்கியதையும், அதற்கு மேல் இன்னும் இரண்டு கட்டை வைத்ததையும் பார்த்தேன். அப்போது மனதுக்குள் ஒரு திருப்தி வந்தது. ஒரு நொடிதான். அதை நான் மறைக்கப் போவதில்லை. கூட ஐந்து கிலோ கிடைத்ததே என்று என் மனது கணக்குப் போட்டது. அவளை மண்ணுக்குள் வைத்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து அடுப்பில் வைத்தேன். ஒரு தீக்குச்சிக்குப் பிடித்துக்கொண்டது. பெரிய உலை அரைமணியில் கொதித்தது. புகை இல்லை, யாருக்கும் கண் கலங்கவில்லை. ஏரியூர்ப் பெண்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே, "நல்ல விறகா இருக்குதே" என்று பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் நடுவழியில் வந்து நின்று தீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

"கடையிலதாங்க."

"இத்தன நாளும் அங்கயேதான் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

அவர் திரும்பி வாசலுக்குப் போய்விட்டார். சீட்டில் இன்னும் பன்னிரண்டு வாரம் மீதி இருந்தது. நான் ஒரு புதன்கிழமைகூட விடாமல் போய் வாங்கினேன். அத்தனை வாரமும் எனக்குக் காய்ந்த விறகுதான் போட்டார்கள்.